ஐந்தாம் முறையும் போகக்கூடிய இடம் எது?

போன தை மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. சித்தி விடிய மூன்று மணிக்கு எழும்பி வாசல்படியில் போய் இருக்கிறார், சோறு இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை, என்னவென்று கேட்டால் "ஒண்டுமில்லைப் பிள்ளை, சும்மா யோசனை" என்கிறார் என்று சித்தியின் மகள், என் தங்கச்சி, ஒரு குரல்பதிவு போட்டாள். அவ்வளவுதான், ஆளுக்கொரு வைத்தியம் வந்து விழுந்தது. ரொறன்ரோ மாமா கொழும்பில் பெரிய மனநல டொக்டரிடம் காட்டச் சொன்னார், காசு தன் பொறுப்பு. லண்டன் அக்கா வீடியோவில் தமிழில் கதைக்கும் உளவளத்துணையாளர் ஒருவரைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். பெரியம்மா வற்றாப்பளை அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தால் போதும் என்றார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் நான், ஆகக் கிட்ட இருப்பவன் என்ற முறையில், மாவட்ட ஆஸ்பத்திரியின் உளநலக் கிளினிக் என்றேன். நான்கு நாள் சண்டை நடந்தது. அந்த நான்கு நாளில் சித்தியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை ஐந்தாம் நாள்தான் கவனித்தோம்.

அதன் பிறகு ஒவ்வொரு வழியையும் தனித்தனியாக விசாரித்து, சிலதைச் செய்தும் பார்த்தேன். இதே கேள்வியோடு இருக்கும் வீடுகள் வன்னியில் நிறைய. சித்தியின் கதை ஒன்றும் தனிக் கதை இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து நடந்தவர்களில் அவரும் ஒருவர், கைக்குழந்தையோடு. பிறகு வன்னி. 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, பொக்கணை, கடைசியில் முள்ளிவாய்க்கால். அங்கே 19 வயது மகன் காணாமல் போனான். பிறகு செட்டிக்குளம் மெனிக் பாம். அந்த நேரம் முகாம்களில் அடைபட்டிருந்த கிட்டத்தட்ட 3 இலட்சம் பேரில் சித்தியும் மகளும் இரண்டு பேர். 2010இல் ஊருக்குத் திரும்பினார்கள். வீடு இல்லை, கிணறு இருந்தது.

சரி, இத்தனையையும் தாங்கியவருக்கு இப்போது ஏன்? இந்தக் கேள்வியை மாமா கேட்டார், நியாயமான கேள்விதான். ஓடிக்கொண்டிருக்கும் வரை உடம்பு ஓடும், பிள்ளையை வளர்க்கும், தறப்பாள் கட்டும். நின்று மூச்சு விடும்போதுதான் மனசு கணக்குக் கேட்கும். போர் முடிந்த கையோடு, 2009 யூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில், யாழ் மாவட்டத்தில் எடுத்த ஒரு கணிப்பு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. பொதுவாக 7.0 சதவீதம் பேருக்குப் போர் அதிர்ச்சியின் பின்விளைவுகள், 32.6 சதவீதம் பேருக்குப் பதகளிப்பு (ஓயாத பதற்றம்), 22.2 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. அப்போதும் இடம்பெயர்ந்த நிலையிலேயே இருந்தவர்களை மட்டும் பார்த்தால் இதே மூன்றும் 13.0, 48.5, 41.8. நான் இதில் பார்த்தது எண்களின் அளவை அல்ல, வரிசையை. எல்லாரும் 'ட்ரோமா, ட்ரோமா' என்கிறோம், ஆனால் அதைவிடப் பல மடங்கு பேருக்கு இருந்தது பதகளிப்பும் சோர்வும். அதாவது பழைய ஷெல் சத்தம் மட்டும் அல்ல, நாளைக்கு என்ன என்ற பயமும்.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்று. ஆளுக்குச் சாகவேண்டும் என்ற கதை வருகிறதா, நாள்கணக்காகச் சாப்பாடு தண்ணீர் இல்லையா, இல்லாத குரல்கள் கேட்கிறதா, திடீரென்று ஆளே மாறிவிட்டாரா? அப்படியென்றால் இந்தக் கட்டுரையை வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இரவென்றால் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி உதவி. தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துப் போத்தல் வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தால் முதலில் அதை வேறு ஆள் வீட்டுக்கு மாற்றுங்கள். இது சின்ன வேலை மாதிரித் தெரியும், இல்லை. 1995இல் உலகத்திலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களில் ஒன்றாக இருந்த இலங்கையில், கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததே அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்க முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

சித்தி அந்த நிலையில் இல்லை. ஆகவே எங்களுக்குத் தெரிவு செய்ய நேரம் இருந்தது.

எதை வைத்து ஒப்பிடுவது? மாமா டொக்டரின் பட்டங்களை வைத்து ஒப்பிட்டார், அக்கா சிகிச்சை முறையின் பெயரை வைத்து. நான் கொஞ்சம் வாசித்த பிறகு ஒரே ஒரு கேள்விக்கு வந்தேன்: சித்தி அங்கே ஐந்தாம் முறையும் போவாரா? சும்மா எடுத்த எண் இல்லை. பயன் உண்டு என்று காட்டப்பட்ட எந்த முறையும் ஒரு தடவையில் முடிவதில்லை. சோர்வுக்குத் தரும் குளிசை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு கிழமை, அதன் பிறகும் மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஒரு முறையில் டொக்டர் இல்லாத, பயிற்சி பெற்ற ஊர் ஆளே கிழமைக்கு ஒன்றாக 5 அமர்வு நடத்துவார். பாகிஸ்தானின் பெஷாவரில் 346 பேரை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்வில் அதற்குத் தெளிவான பயன் இருந்தது. முதல் நாள் யாரும் போவார்கள், யாராவது இழுத்துக்கொண்டாவது போவார்கள். ஐந்தாம் நாள்தான் பரீட்சை.

கொழும்பு டொக்டரை இந்தக் கேள்வி உடனேயே வெட்டிவிட்டது. ஒரு முறை போகலாம், ரயிலில் போய் வெள்ளவத்தையில் யாராவது வீட்டில் நின்று வரலாம். இரண்டாம் முறை கால் வலிக்கும், மூன்றாம் முறை "இப்ப சுகம்தானே" என்று சித்தியே சொல்லிவிடுவார். வருத்தம் என்னவென்று பிடிபடாத போது, குளிசைகள் மாற்றி மாற்றித் தந்தும் குறையாத போது, இரண்டாவது அபிப்பிராயத்துக்கு அது நல்லது. தொடங்குகிற இடம் அது இல்லை.

அரசாங்கக் கிளினிக். காசு இல்லை, அது முதல் நன்மை. பெயர் எழுதிய கிளினிக் கொப்பி ஒன்று தருவார்கள், அது இரண்டாவது நன்மை, அதை நான் முதலாவதாகவே வைப்பேன்; ஏனென்றால் டொக்டர் மாறினாலும் கொப்பி மாறாது, அடுத்த திகதி அதில் எழுதியிருக்கும், திகதி எழுதியிருந்தால் எங்கள் அம்மாமார் போவார்கள். மூன்றாவது, சித்தி சொன்ன நெஞ்சுப் படபடப்பும் கை கால் உழைவும் உண்மையிலேயே மனசால்தானா என்று இரத்தம் எடுத்துப் பார்க்க அங்கேதான் வழி இருக்கிறது. தைரொயிட், சீனி, இரத்தக் குறைவு எல்லாம் இதே மாதிரி வேஷம் போடும். வன்னியில் இன்னொன்றும் உண்டு, உடம்புக்குள் ஷெல் துண்டோடு நடமாடும் ஆட்கள் எத்தனையோ. அந்த வலி நித்திரையைக் கெடுப்பதை "யோசனை" என்று எழுதிவிடக் கூடாது.

குறைகள்? நிறைய. காலை ஆறு மணிக்குப் பஸ், எட்டரைக்கு வரிசை, பதினொன்றரைக்கு டொக்டர், ஏழு நிமிடம். பக்கத்துக் கதிரையில் இன்னொரு நோயாளி இருக்க மகனைப் பற்றிக் கதைக்க முடியுமா? முதல் நாள் சித்தி "நித்திரை வரேல்ல" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எழுதித் தந்த குளிசையில் ஒன்று அன்றைக்கு மருந்து கொடுக்கும் இடத்தில் இல்லை, வெளியே வாங்கினோம். இதெல்லாம் சகிக்கலாம். சகிக்க முடியாமல் இருந்தது வேறு: வாசலில் இருந்த பலகையை வாசித்துவிட்டு சித்தி என்னைப் பார்த்த பார்வை. "எனக்கு விசரெண்டு நினைச்சிட்டியளோ?" மனநல ஆஸ்பத்திரி இருக்கும் அங்கொடை என்ற ஊரின் பெயரையே வசைச் சொல்லாக்கி வைத்திருக்கும் நாட்டில் அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம். நான் பெரிய விளக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை. வரிசையில் இருந்தவர்களைக் காட்டினேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர் கொப்பியோடு இருந்தார், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டு முதலில் திகைத்து, பிறகு மீன் விலை கதைத்தார்கள்.

இன்னொரு கணக்கை யாரும் போடுவதில்லை. கிளினிக் இலவசம், ஆனால் கூடப் போகிறவருக்கு இலவசம் இல்லை. தங்கச்சி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஒரு நாள் லீவு எடுத்தால் அந்த நாள் சம்பளத்தோடு வரவுக்கான படியும் போகும். ஐந்து முறை என்றால் ஐந்து மாதப் படி. ஆகவே கிளினிக்கா இல்லையா என்ற முடிவு உண்மையில் யார் கூடப் போவது என்ற முடிவு. வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் காசு அனுப்ப விரும்பினால் டொக்டருக்கு அனுப்ப வேண்டாம், கூடப் போகிறவளின் இழந்த சம்பளத்துக்கு அனுப்புங்கள்.

நித்திரைக் குளிசை பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். பார்மசியில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அந்த வகைக் குளிசை பழக்கமாகிவிடும், வயதானவர்களை இரவில் விழுத்தும், துக்கத்தைத் தள்ளிப்போடுமே தவிர வேறொன்றும் செய்யாது. பேரிழப்புக்குப் பிந்திய முதல் மாதத்தில் நித்திரை இல்லை என்பதற்காக அதைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும் ஆள் என்றால் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், டொக்டரிடம் சொல்லிப் படிப்படியாக.

இனி கதைத்து ஆற்றும் வழி, உளவளத்துணை. வடக்கில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர்க்காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் இருந்து ஆசிரியர்களுக்கும் கிராமத்து வேலையாட்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள், சாந்திகம் போன்ற நிறுவனங்கள் 1980களின் கடைசியிலிருந்து இயங்குகின்றன. காயம் தனி ஆளுக்கு மட்டும் இல்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்துத்தான் என்பது சோமசுந்தரம் திரும்பத் திரும்ப எழுதிய விஷயம். ஆனால் 2009க்குப் பிறகு, ஆகத் தேவையாக இருந்த அந்த முதல் வருடங்களில், வன்னிக்குள் உளசமூக வேலை செய்ய நிறுவனங்களுக்கு அரசாங்கம் இலகுவில் அனுமதி கொடுக்கவில்லை. கட்டடம் கட்டலாம், கோழி கொடுக்கலாம், அழுபவரோடு இருந்து கதைக்க அனுமதி இல்லை. அந்த இடைவெளியின் விலையை இப்போது வாசல்படியில் இருந்து சித்தி கட்டுகிறார் என்பது என் எண்ணம்.

எந்த முறை நல்லது என்று அக்கா அனுப்பிய பட்டியலில் ஏழெட்டுப் பெயர்கள் இருந்தன. எனக்கு உதவியது வடகிழக்கிலேயே நடந்த ஒரு சின்ன ஆய்வு. சுனாமி வந்து சில வாரங்களில், ஏற்கெனவே போரையும் பார்த்த 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு, நடந்ததைத் தொடக்கத்திலிருந்து கதையாகச் சொல்ல வைத்து அதைக் கோர்க்கும் முறை. மற்றப் பகுதிக்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும். இரண்டுக்கும் 6 அமர்வு, நடத்தியது பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் பகுதியில் 81 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், மற்றதில் 71 சதவீதம். அவ்வளவு சின்ன எண்ணிக்கையில் அந்தப் பத்துக்குப் பெரிய அர்த்தம் இல்லை. கதை சொன்னவர்களும் தேறினார்கள், மூச்சை இழுத்து விட்டவர்களும் தேறினார்கள், இரு பகுதிக்கும் பொதுவாக இருந்தது ஆறு முறை வந்து உட்கார்ந்த ஒரு ஆள்.

அதற்காக எதுவும் நல்லது என்று எடுக்கக் கூடாது. யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களில் 399 பிள்ளைகளோடு 15 அமர்வாக நடந்த ஒரு குழுத் திட்டத்தை அளந்து 2012இல் எழுதினார்கள். சில பிள்ளைகளுக்குச் சில விஷயங்களில் பயன் இருந்தது, ஆனால் அதிர்ச்சி அறிகுறிகளைப் பொறுத்தவரை திட்டத்தில் சேர்ந்த பெண்பிள்ளைகள் சேராதவர்களைவிடக் குறைவாகத்தான் தேறினார்கள். உதவி என்று வருவது எல்லாம் உதவி இல்லை. அதுவும் ஒரே நாளில் வட்டமாக இருத்தி "நடந்ததைச் சொல்லி அழுதுவிடுங்கள்" என்று கிளறிவிட்டு வாகனத்தில் ஏறிப் போகிறவர்களிடம் உங்கள் அம்மாவைக் கொண்டுபோய் விடாதீர்கள். அந்த ஒருநாள் கிளறல் பயன் தராது, சிலருக்குக் கெடுதல் என்று ஆராய்ந்தே சொல்லிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் உளவளத்துணையாளர் இருக்கிறார், வீட்டுக்கே வருவார். கிளினிக்கில் கிடைக்காத முக்கால் மணி நேரம் அவரிடம் கிடைக்கும். தயக்கம் எங்கே என்றால் அவர் பக்கத்து ஊர். சித்தி கேட்ட முதல் கேள்வி அவர் ஆற்றை மகள், யாரைக் கலியாணம் கட்டினவர் என்பதுதான். சொன்னது வெளியே போகுமோ என்ற பயம் சின்ன ஊரில் நியாயமான பயம். இரண்டாவது தயக்கம் திட்டம். "இந்தத் திட்டம் எப்ப முடியுது?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மூன்று மாதத்தில் நிதி முடிந்து அவர் போய்விட்டால், நம்பிக் கதைத்தவருக்கு அது இன்னொரு ஆள் காணாமல் போனது போலத்தான். எங்கள் ஆள் நேர்மையாகப் பதில் சொன்னார்: மார்கழி வரைக்கும் உறுதி. சரி, அது ஐந்து முறைக்குப் போதும்.

வீடியோவுக்கு வருகிறேன். லண்டன் அக்கா இதில் கோபப்படுவார். கதைத்த பெண் நல்லவர், படித்தவர், தமிழும் எங்கள் தமிழ். பிரச்சினை அவரில் இல்லை. போன் தங்கச்சியுடையது, அவள் வேலையால் வந்த பிறகுதான் கிடைக்கும். வீடு ஒரு அறை. சிக்னல் கிணற்றடியில்தான் நிற்கும், கிணற்றடியில் நின்று கதைத்தால் வேலிக்கு அங்கால் கேட்கும். இன்னொன்று, மகன் காணாமல் போன கதையைப் போனில் சொல்ல சித்தி பயந்தார், யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று. அது நோயின் சந்தேகம் என்று வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் குறிப்பெடுக்கக்கூடும், வன்னியில் அது அனுபவம். ஆபத்து என்று தோன்றினால் அந்தப் பெண் அங்கிருந்து யாருக்கு அழைப்பார்? அதற்கும் பதில் இல்லை. இரண்டு முறையோடு நின்றது. ஆனால் ஒரு நல்லது நடந்தது: அக்கா இப்போது தானே அதே பெண்ணோடு கதைக்கிறார். தப்பி வந்துவிட்டேன் என்ற குற்ற உணர்ச்சியோடு பதினைந்து வருடம் காசு அனுப்பிக்கொண்டிருக்கும் ஆட்களுக்கு வீடியோ பொருத்தமான வழி. தனி அறை இருக்கிறது, சிக்னல் இருக்கிறது.

கோயில். படித்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள், நான் சிரிக்க மாட்டேன். ஐந்தாம் முறை என்ற பரீட்சையில் முதல் இடம் கோயிலுக்குத்தான், சித்தி ஐந்நூறாவது முறையும் போவார். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளையில் நிற்கும் சனத்துக்குள் தன்னைப் போல நூறு தாய்மார் நிற்பதைப் பார்ப்பது எந்த அமர்வுக்கும் குறைந்தது இல்லை. மடு மாதாவிடம் போகிறவர்களுக்கும் அதே. குளித்து, வெளிக்கிட்டு, நாலு பேரோடு பஸ் ஏறி, அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்காத ஒரு இடத்தில் அழுதுவிட்டு வருவது, சோர்ந்து கிடக்கும் உடம்புக்கு டொக்டர்மாரே எழுதித் தருகிற விஷயங்கள்தான். கிளினிக் குளிசைக்கும் நேர்த்திக்கும் சண்டை இல்லை, இரண்டும் நடக்கட்டும்.

குறி சொல்பவர் வேறு. மகன் உயிரோடு இருக்கிறான், தெற்கே ஒரு சிறையில் இருக்கிறான், அடுத்த சித்திரைக்குள் வருவான் என்று சொன்னவர்களிடம் சித்தி இதுவரை நாலைந்து தரம் காசு கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் சில கிழமை நல்ல நித்திரை, அந்தச் சித்திரை தாண்டியதும் படு பள்ளம். ஆனால் ஏன் போகிறார்கள் என்பதை விளங்காமல் திட்டி ஒன்றும் ஆகாது. செத்தவருக்கு எட்டுச் செலவு உண்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி உண்டு, வருடா வருடம் திதி பார்த்துத் திவசம் உண்டு. காணாமல் போனவனுக்குத் திதி எது? செய்தால் தாயே மகனைக் கொன்றதாகிவிடும் என்று நினைக்கிறார்கள், செய்யாவிட்டால் துக்கம் தொடங்கவே இல்லை. போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த மாதிரி இழப்புக்கே தனிப் பெயர் வைத்து, இது நோய் இல்லை, முடிவு தெரியாத நிலைமைதான் ஆளை வதைக்கிறது என்று எழுதினார். ஆள் இல்லை என்பதை மட்டும் பதியும், இறந்துவிட்டார் என்று சொல்லாத சான்றிதழுக்கு 2016இல் இலங்கையில் சட்டம் வந்தது. அதைக்கூட எடுக்க மாட்டேன் என்ற தாய்மார் இருக்கிறார்கள். ஆகவே சித்தியிடம் வருகிற யாராக இருந்தாலும், டொக்டரோ உளவளத்துணையாளரோ, "ஏற்றுக்கொள்ளுங்கோ அம்மா" என்று தொடங்கினால் அன்றோடு அந்தக் கதவு சாத்தப்படும். இதை வீட்டுக்கு வரும் உளவளத்துணைப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தோம். அவருக்குத் தெரிந்திருந்தது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 மாசியில் கிளிநொச்சியில் தெருவோரம் இருக்கத் தொடங்கிய போராட்டத்துக்கு சித்தியும் போனார், ஒரு வருடம் போல. அந்தக் காலம் அவர் ஓரளவு நன்றாக இருந்தார் என்று தங்கச்சி சொல்கிறாள். படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அதே படம் பிடித்திருக்கும் இன்னொருத்தியின் பக்கத்தில் இருப்பதை எந்தக் கிளினிக்கும் தர முடியாது. ஆனால் வெயில், புலனாய்வுக்காரரின் விசாரிப்பு, முடிவே இல்லாத காத்திருப்பு, கூட இருந்த தாய்மார் ஒவ்வொருவராகச் சாவது. அங்கே ஆறுதலும் இருந்தது, புதுக் காயமும் இருந்தது. திரும்பப் போகிறாரா என்று கேட்டேன், கால் ஏலாது என்றார். அந்த நாட்களின் இரண்டு சிநேகிதிகள் இப்போதும் ஞாயிறு வீட்டுக்கு வருகிறார்கள். அதை விடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன், தேத்தண்ணிச் செலவு என் கணக்கில்.

அப்புறம்தான் யாருடைய பட்டியலிலும் இல்லாத ஒன்று வெளியே வந்தது. மூன்றாவது கிளினிக்கில், ஒரு இளம் டொக்டர், கொப்பியை மூடி வைத்துவிட்டு "அம்மா, விடிய மூண்டு மணிக்கு எழும்பினா முதல்ல என்ன நினைப்பு வாறது?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் பதில் மகன் என்று நினைத்திருந்தோம். சித்தி சொன்னார்: "செவ்வாய்க்கிழமை."

செவ்வாய்க்கிழமை என்பது நுண்கடன் கட்டும் நாள். மோட்டார் பம்ப் வாங்க எடுத்த கடன், அதைக் கட்ட இன்னொரு கடன், குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், கட்டும் வரை வசூலிக்க வந்தவர் வாசலில் நிற்பார். வாசல்படியில் விடிய மூன்று மணிக்கு சித்தி மகனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்று நான் கற்பனை பண்ணி வைத்திருந்தேன், அழகான சோகம்; அவர் கடன்காரனைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். மகனும்தான் கூடவே. ஆனால் மகனோடு பதினைந்து வருடமாக வாழப் பழகியிருந்தார், செவ்வாய்க்கிழமையோடு பழக முடியவில்லை. போர் கண்ட சனத்தின் மனசைப் பற்றி எழுதுகிற ஆய்வாளர்கள் கொஞ்சக் காலமாக இதையே சொல்கிறார்கள்: நடந்த குண்டுவீச்சுக்கு இருக்கும் பங்கில் குறையாத பங்கு, அதன் பிறகு தினமும் நடக்கும் காணி, கடன், வேலை, வீட்டுச் சண்டைகளுக்கு இருக்கிறது என்று. வாசித்திருந்தேன். சித்தியிடம் கேட்கத்தான் தோன்றவில்லை.

ஆகவே எங்கள் வீட்டில் வந்து நின்ற ஒழுங்கு இது. கிளினிக்கும் குளிசையும் அடித்தளம், மாதம் ஒரு முறை, நான் யாழ்ப்பாணத்திலிருந்து வருவேன், வர முடியாத மாதம் அந்த ரீச்சர் கூட்டிப் போவார், இரண்டு பேருக்கும் ஒரே திகதி எழுதி வாங்கியிருக்கிறோம். உளவளத்துணைப் பெண் மார்கழி வரை. கோயில் எப்போதும் போல. குறி சொல்பவருக்குக் காசு இல்லை என்று நாங்கள் சட்டம் போடவில்லை, தங்கச்சி மட்டும் கூடப் போய் இருப்பாள். வேறு வீட்டுக்கு இந்த ஒழுங்கு மாறும். குடி இருக்கும் வீட்டில், சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில், இன்னும் சொந்தக் காணி விடுபடாத வீட்டில் எது முதல் என்பது வேறாகத்தான் வரும்.

மாமா கடைசியாக ஒரு வழி சொன்னார், இதெல்லாம் எதற்கு, விசிட் விசா எடுத்து அவளை ஒரு ஆறு மாதம் ரொறன்ரோவுக்கு அனுப்புங்கள், இடம் மாறினால் மனம் மாறும் என்று. டிக்கெட்டுக்குக் காசு ஒதுக்கியும் வைத்துவிட்டார். இந்த முறை சித்தியிடமே கேட்டோம், குழுவில் சேர்த்து, எல்லோரும் கேட்கும்படி. அவர் குரல்பதிவு பதினொரு விநாடி.

"நான் வந்தா வீடு பூட்டிக் கிடக்கும் தம்பி. அவன் வந்தா ஆர் திறக்கிறது? இனியும் இடம்பெயர ஏலாது."

மாமா அதற்குப் பதில் போடவில்லை. இரண்டு நாள் கழித்து எனக்குத் தனியாக எழுதினார், டிக்கெட் காசு அப்படியே இருக்கிறது, அந்தக் கடனில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கேட்டுச் சொல் என்று.